பிஸ்கட் கலரும் கஞ்சிக் கலரும்

பழுப்பு நிலக்கரி வெட்டுகிற சுரங்கத்தில் காலம் முழுக்க வேலை பார்த்தும், பழுப்பு எது கறுப்பு எது என்று என் கணவருக்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது. கல்யாணத்தன்று நான் கட்டியிருந்த புடவை என்ன நிறம் என்று கேட்டால் "பட்டு" என்பார். அப்படிப்பட்ட மனிதர் ஒரு நாள் ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் முடிந்து வந்து, சாப்பிட உட்கார்ந்து, குழம்பை ஊற்றிக்கொண்டே, "வூட்டுக்குள்ள பெயிண்ட் அடிச்சிடலாமா?" என்று கேட்டார். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. சந்தோஷம்தான் வந்தது.

நெய்வேலி நகரியத்தில் யாருக்கும் சொந்த வீடு கிடையாது. வேலை இருக்கும் வரைக்கும் குவார்ட்டர்ஸ், வேலை முடிந்தால் சாவியைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டியதுதான். எங்களுடையது கீழ்வீடு. வாசலை ஒட்டி ஒரு பலாமரம், பக்கத்தில் வாழை, கறிவேப்பிலை, நான் வைத்த கனகாம்பரம். குடிவந்த நாளிலிருந்து உள்ளே ஒரு நல்ல பெயிண்ட் அடிக்க வேண்டும் என்று நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். அவரிடம் ஒரே பதில்தான் இருந்தது. "இது கம்பெனி செவுரு. ரிட்டயர் ஆனா உரிச்சி எடுத்துக்கினா போவப் போறோம்?" எப்போதாவது ஆட்கள் வந்து அடித்துவிட்டுப் போகிற அந்த வெள்ளையில் கை பட்டால் கையெல்லாம் மாவு. சுவரில் சாய்ந்து உட்கார்ந்து எழுந்தால் முதுகெல்லாம் மாவு. அந்த மாவோடுதான் என் மகனை வளர்த்து, படிக்க வைத்து, வெளியூருக்கு வேலைக்கு அனுப்பினேன்.

"கலர நீயே பாத்துக்கோ" என்றும் அவர் சொன்னார். இது அதைவிடப் பெரிய அதிசயம். அந்த வீட்டில் நானாக முடிவு செய்தது என்று பெரிதாக எதுவும் இருந்ததில்லை. வீடு அவர் பேரில் இருந்தது. எப்போது சமைப்பது, எப்போது தூங்குவது என்பதைக்கூட ஷிஃப்ட்தான் முடிவு செய்தது. முதல்முறையாக, நான்கு சுவர் என்ன நிறத்தில் இருக்க வேண்டும் என்று என்னைக் கேட்கிறார்கள். கையில் ஒரு பெரிய பதவி வந்து சேர்ந்த மாதிரிதான் நடந்துகொண்டேன். இப்போது நினைத்தால் என் மேலேயே எனக்குப் பரிதாபமாக இருக்கிறது.

அன்று சாயங்காலமே அக்கா ஷேட் கார்டோடு வந்துவிட்டாள்.

அக்கா என்றால் கூடப் பிறந்தவள் இல்லை. எதிர்க் கட்டடத்தில் மாடி வீட்டுக்காரி. அவள் வீட்டுக்காரரும் என் வீட்டுக்காரரும் ஒரே ஷிஃப்டில் வேலை பார்ப்பவர்கள். அவர் கொஞ்சம் சீனியர். அவளுக்குத் திருநெல்வேலிப் பக்கம், எனக்குப் பண்ருட்டிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். நான் "வூடு" என்றால் சிரிப்பாள். அவள் "ஏ புள்ள" என்றால் நான் சிரிப்பேன். என் அம்மா செத்த அன்றைக்குத் துக்கத்துக்கு வந்த அத்தனை பேருக்கும் என் அடுப்பில் நின்று சமைத்துப் போட்டவள் அவள்தான். அவளுக்கு முட்டி வலி வந்த பிறகு, வாரத்தில் பாதி நாள் நான் மாடிக்குப் போய் எண்ணெய் சூடு பண்ணித் தேய்த்துவிடுவேன். அவள் இறங்கி வந்தால் ஒவ்வொரு படிக்கும் ஒரு பெருமூச்சு விடுவாள். அது என் வீட்டு வாசல் வரைக்கும் கேட்கும். கேட்டதும் நான் டீக்குப் பால் வைப்பேன்.

ஷேட் கார்டு அவளிடம் எப்படி வந்தது என்று நான் கேட்கவில்லை. அவளுக்கு எல்லாக் கடையிலும் பழக்கம் உண்டு, வாங்கி வந்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன்.

பச்சை, நீலம் எல்லாம் வேண்டாம் என்பதில் இரண்டு பேருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. கடைசியில் இரண்டு நிறத்தில் வந்து நின்றோம். கார்டில் இரண்டுக்கும் நீளமான இங்கிலீஷ் பேர் போட்டிருந்தது. நாங்கள் ஒன்றைப் பிஸ்கட் என்றும் இன்னொன்றைக் கஞ்சி என்றும் சொன்னோம். பிஸ்கட் என்றால் டீயில் தொட்ட பிஸ்கட். கஞ்சி என்றால் சோறு வடித்து ஆறவைத்த கஞ்சி, வெள்ளைதான், ஆனால் உற்றுப் பார்த்தால் ஒரு மங்கல் இருக்கும். என் கணவரிடம் காட்டினேன். "ரெண்டும் ஒன்னுதானே" என்றார். பண்ருட்டிப் பக்கத்திலிருந்து வந்த பெயிண்டர், ஹால் சுவரில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பட்டையாக அடித்துக் காட்டிவிட்டு, "நிதானமா பாத்துக்கினு சொல்லுங்கம்மா" என்று சொல்லிப் போனார்.

நிதானமாகத்தான் பார்த்தேன். காலையில் பார்த்தேன். பலாமரத்து நிழல் ஹாலுக்குள் வந்து விழுகிற மத்தியானத்தில் பார்த்தேன். லைட்டைப் போட்டுப் பார்த்தேன், அணைத்துப் பார்த்தேன். எனக்குக் கஞ்சிதான் பிடித்தது. மரம் வெளிச்சத்தை முக்கால்வாசி தின்றுவிடுகிற வீடு அது. மிச்சம் இருக்கிற வெளிச்சத்தைக் கஞ்சி பிடித்து வைத்துக்கொண்டது. பிஸ்கட் பட்டையோ மத்தியானம் ஆனதுமே சாயங்காலம் மாதிரி ஆகிவிட்டது.

அக்கா விடவில்லை. தினமும் வந்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, வலிக்கிற காலை இன்னொரு நாற்காலியில் நீட்டி வைத்துக்கொண்டு வாதாடினாள்.

"நம்ம ஊரு தூசிக்குக் கஞ்சி தாங்குமா புள்ள? காயப்போட்ட வேட்டியே சாயங்காலம் கறுத்துப் போவுது. ஒரு வருசத்துல உன் சுவரு அடுப்படி மாதிரி ஆயிரும்."

"தொடச்சிக்கலாங்க்கா. பெயிண்ட்தானே, சுண்ணாம்பா?"

"தொடச்சிக்கிட்டே இருப்பியா? பிஸ்கட்னா தூசி தெரியாது. தேக்குக்குப் பின்னாடி எவ்வளவு எடுப்பா இருக்கும் தெரியுமா?"

என் வீட்டில் தேக்கு என்று சொல்ல ஒரு ஸ்டூல்கூடக் கிடையாது. இருந்தது எல்லாம் ஸ்டீல் பீரோ, ஸ்டீல் கட்டில், பிளாஸ்டிக் நாற்காலி. பேச்சு வாக்கில் ஏதோ சொல்கிறாள் என்று விட்டுவிட்டேன். காது கேட்கிறதை மனசு கேட்காது, பிரியம் அப்படி.

சில நாளில் நான் தோற்றுப்போனேன். தோற்றது நிறத்தைப் பற்றிய வாதத்தில் இல்லை. அவள் அந்தக் காலோடு தினமும் படி இறங்கி, ரோட்டைக் கடந்து வந்து, என் வீட்டுச் சுவருக்காக இவ்வளவு கவலைப்படுகிறாளே என்பதில்தான் தோற்றேன். எனக்கு வேறு யார் இப்படிப் பார்ப்பார்கள்? "சரிக்கா, பிஸ்கட்டே இருக்கட்டும்" என்றேன். அவள் என் கன்னத்தைத் தடவி நெட்டி முறித்தாள். என் கணவரிடம் சொன்னேன். "நல்லது" என்றார். டி.வி.யிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

வேலை ஆரம்பித்தது. முதலில் படுக்கிற அறை, பிறகு சமையல்கட்டு, கடைசியில் ஹால். பிஸ்கட் நிறம் நான் பயந்த மாதிரியேதான் இருந்தது. மத்தியானம் மூன்று மணிக்கே லைட்டைப் போட வேண்டியதாயிற்று. பரவாயில்லை, தூசி தெரியாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஹாலில் இரண்டாவது கோட்டிங் முடிகிற நாள். காலையில் காய்கறி வாங்கப் போய்விட்டு வந்து, பெயிண்டருக்கு டீ கொண்டுபோய்க் கொடுத்தேன். வாசலுக்கு எதிர்ச் சுவரில் நடுவாக, என் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே வரைக்கும், ஒரு சதுரம் மட்டும் திட்டுத் திட்டாக வெளுத்துக் கிடந்தது. சுற்றிலும் இரண்டாவது கோட்டிங் பளபளவென்று இருந்தது.

"இதை மறந்துட்டீங்களா?" என்றேன்.

"மறக்கலங்கம்மா. அங்கதான் ஷோகேஸ் வருதே, செவுரு மறைஞ்சிடும். அதுக்குப் பின்னால ஒரு கோட்டிங் போதும்னாங்க."

"எந்த ஷோகேஸ்?"

"மாடி வூட்டம்மா ஷோகேஸ்தாங்க. காலையில நீங்க இல்லாதப்ப வந்து, டேப்பு வெச்சி அளந்து, பென்சில்ல கோடு போட்டுக் காட்டிட்டுப் போனாங்க." டீயை ஒரு வாய் குடித்துவிட்டு அவர் தன் பாட்டுக்குப் பேசினார். "இது முடிஞ்சதும் மேல அவங்க வூட்டை அடிக்கணும். அதுக்கு அந்தக் கஞ்சி கலருங்க. நீங்கதான் அது வேணும்னு கேட்டீங்களாமே."

அவருக்கு ஒன்றும் தெரியாது. எனக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்துத்தான் பேசிக்கொண்டிருந்தார்.

நான் அந்தச் சதுரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அக்கா வீட்டு ஷோகேஸை எனக்கு நன்றாகத் தெரியும். தேக்கு, கண்ணாடிக் கதவு போட்டது. அதற்குள்ளே இருக்கிற பொம்மைகளைப் பொங்கலுக்கு இறக்கி, துடைத்து, திரும்ப அடுக்கித் தருவதே நான்தான். அகலம், உயரம் எல்லாம் கண்ணாலேயே அளந்துவிட்டேன். கச்சிதமாகப் பொருந்தியது.

நகரியத்தில் மியூச்சுவல் என்று ஒன்று உண்டு. ஒரே வகை வீட்டில் இருக்கிற இரண்டு ஊழியர்கள் தங்களுக்குள் ஒத்துக்கொண்டு எழுதிக் கொடுத்தால், வீட்டை மாற்றிக்கொள்ளலாம். பேர்தான் மியூச்சுவல், இரண்டு பக்கமும் சம்மதம். அந்த இரண்டு பக்கத்தில் ஊழியரின் பெண்டாட்டி எந்தப் பக்கமும் இல்லை. அவள் கையெழுத்தை யாரும் கேட்பதில்லை.

என் கணவர் ஷிஃப்ட் முடிந்து வந்தபோது நான் சமைத்திருக்கவில்லை. ஹாலில், அந்தச் சதுரத்துக்கு எதிரே உட்கார்ந்திருந்தேன்.

"அந்த ஷோகேஸ் எப்ப வருது?" என்றேன்.

அவர் ஷூவை மெதுவாகக் கழற்றினார். "யாரு சொன்னா?" என்றார்.

அதுவே போதுமானதாக இருந்தது. 'எந்த ஷோகேஸ்?' என்று அவர் கேட்டிருந்தால், அந்த நிமிஷத்திலும் நான் அவரை நம்பியிருப்பேன். பெயிண்டர் ஏதோ உளறுகிறார் என்று எழுந்து போய் உலை வைத்திருப்பேன்.

"அவரு கேட்டாரு" என்றார், சுவரைப் பார்த்துக்கொண்டு. "அந்தம்மாவுக்கு முட்டி தேஞ்சி போச்சாம். இனிமே படியே ஏறக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாராம். தெனம் கூட வேலை செய்யற மனுஷன். மூஞ்சிக்கு நேரா மாட்டேன்னு எப்படிச் சொல்றது?"

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ மாட்டேன்னு சொல்லுவ."

"அப்ப இந்தப் பெயிண்டு?"

"குடிவர்றதுக்கு முன்னால அடிச்சிடணும்னு அவங்க நெனச்சாங்க. நீயும் ரொம்ப நாளா கேட்டுக்கினு இருந்த." கழற்றிய ஷூவைச் சுவர் ஓரமாக நகர்த்தி வைத்தார். "கலரு பாக்கறப்ப நீ சந்தோஷமா இருந்தியா, கெடுக்க மனசு வரல. ஆர்டர் வந்ததும் சொல்லிக்கலாம்னு இருந்தேன்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. கத்தினேனா என்றால் இல்லை. கத்துவதற்கு எதிரே ஒரு ஆள் வேண்டும். அங்கே உட்கார்ந்திருந்தவர் என் ஆளாகவே தெரியவில்லை. அவருக்கு இன்னொருத்தர் முகத்துக்கு நேராக மறுக்க முடியவில்லை. என் முகத்துக்கு நேராக மறைக்க முடிந்தது. எத்தனை வேளை எனக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட்டிருப்பார். நான் லைட்டைப் போட்டுப் போட்டு அணைத்ததை, அந்த டி.வி.க்கு முன்னால் உட்கார்ந்து பார்த்துக்கொண்டுதானே இருந்தார். என்னைப் பைத்தியக்காரி என்று நினைத்திருந்தால்கூடப் பரவாயில்லை. சந்தோஷமாக இருக்கிறாளே, இருக்கட்டும் என்று விட்டாராம். குழந்தை கையில் கிலுகிலுப்பையைக் கொடுத்துவிட்டு ஊசி போடுவது மாதிரி.

மறுநாள் காலையில் மாடிக்குப் போனேன். பெயிண்டர் சொல்லியிருப்பார் போல. அக்கா கதவைத் திறந்தே வைத்திருந்தாள். கண் வீங்கியிருந்தது. ஷோகேஸிலிருந்து பொம்மைகளை எடுத்து, பழைய பேப்பரில் சுற்றிப் பாதி வைத்திருந்தாள்.

"வா புள்ள. உக்காரு."

உட்காரவில்லை. "என் மூஞ்சியப் பாத்துக்கிட்டே எப்படிக்கா அத்தனை நாளு வாதாடினீங்க?" என்றேன்.

"உனக்குத் தெரிஞ்சா சண்டை போடுவ. எனக்கு உன்கிட்ட சண்டை போடத் தெம்பு இல்ல." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நீ தப்பா எடுத்துக்கிடாத. உனக்குப் பிடிக்காத கலரை அங்க அடிச்சிட்டா, விட்டுட்டு வர்றப்ப உனக்கு அவ்வளவா வலிக்காதுன்னு நெனச்சேன். பிடிச்ச கலரை இங்க அடிச்சிட்டா வர்றதுக்கு ஆசையா இருக்கும். இங்க வெளிச்சம் ஜாஸ்தி, கஞ்சிக் கலரு நல்லா இருக்கும் பாரு."

தேக்குக்குப் பின்னால் எடுப்பாக இருக்கும் என்று சொன்னதும் இதே வாய்தான். இரண்டில் எது நிஜம் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. இரண்டுமேகூட நிஜமாக இருக்கலாம். அதுதான் அவளிடம் எனக்குத் தாங்க முடியாதது. முழுக்க முழுக்கச் சுயநலம் என்றால் நான்கு வார்த்தை திட்டிவிட்டு, தலை முழுகியிருப்பேன். இவள் எனக்குத் துரோகம் செய்யும்போதும் எனக்காகக் கொஞ்சம் கவலைப்பட்டுக்கொண்டே செய்திருக்கிறாள்.

நான் இறங்கி வந்தேன். அன்றிலிருந்து எண்ணெய் தேய்க்கப் போகவில்லை.

ஆர்டர் வந்தது. சாமான்கள் ஒரே நாளில் ரோட்டைக் கடந்தன. எங்கள் ஸ்டீல் பீரோ மேலே ஏற, அவர்கள் தேக்கு கீழே இறங்கியது. படிக்கட்டில் இரண்டும் எதிரெதிரே வந்து, யார் வழி விடுவது என்று ஆட்கள் கொஞ்ச நேரம் திணறினார்கள். பலாமரத்தில் அந்த வருஷம் பிஞ்சு நிறையப் பிடித்திருந்தது. கனகாம்பரத்தை மட்டும் வேரோடு பிடுங்கித் தொட்டியில் வைத்து மேலே கொண்டுவந்தேன். அது பிழைக்கவில்லை.

மாடி வீட்டில் கஞ்சிக் கலர் நன்றாகத்தான் இருக்கிறது. சும்மா சொல்லக் கூடாது. மூன்று பக்கமும் ஜன்னல், மறைக்க மரம் இல்லை. காலையில் வெயில் ஏறுகிறபோது அந்தச் சுவர்கள் பால் கொதித்து எழும்புகிற மாதிரி வெளுக்கும். நான் ஆசைப்பட்டது இதைத்தான். அதைப் பார்க்கிற ஒவ்வொரு காலையிலும் எனக்கு வயிறு எரிகிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாம் கலர் அருமை, யார் செலக்‌ஷன் என்று கேட்கிறார்கள். என் கணவர் என்னைக் காட்டுகிறார். பெருமையாகவே காட்டுகிறார். அவர் அதை மறந்தே விட்டார் என்று நினைக்கிறேன். நான் ஏன் அவரிடம் முன்னைப் போலப் பேசுவதில்லை என்று ஒரு தடவை மகனுக்கு போன் போட்டுக் கேட்டிருக்கிறார்.

அக்காவோடு பேச்சு அடியோடு நின்றுவிடவில்லை. எதிரெதிர் வீடு, எப்படி நிற்கும்? தண்ணீர் வந்ததா, கரண்ட் எப்போது வரும் என்ற அளவில் பேசிக்கொள்கிறோம். பலாப்பழம் பழுத்தபோது பாதியைச் சுளை எடுத்து, பாத்திரத்தில் போட்டு, என் கணவரிடம் கொடுத்தனுப்பினாள். பாத்திரத்தைக் கழுவி அவரிடமே திருப்பிக் கொடுத்தனுப்பினேன். சுளையை அவர்தான் சாப்பிட்டார்.

போன மாதம் நான் கடைக்குக் கிளம்பி இறங்கி வந்தபோது, அவள் எங்கள் படிக்கட்டின் அடியில் நின்றுகொண்டிருந்தாள். முதல் படியில் ஒரு காலை வைத்துப் பார்த்திருக்கிறாள். ஏற முடியாமல் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றிருந்தாள். எவ்வளவு நேரம் அப்படி நின்றாளோ.

"கூப்பிட்டிருக்கலாமே" என்றேன்.

"கூப்பிட்டா வந்திருப்பியா?" என்றாள். நான் பதில் சொல்வதற்குள் அடுத்ததையும் கேட்டாள். "நெசமாச் சொல்லு புள்ள. அன்னைக்கே நான் வாயத் தெறந்து கேட்டிருந்தா, வீட்டைக் குடுத்திருப்பியா?"

குடுத்திருப்பேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அவள் அங்கேயே உடைந்திருப்பாள், எனக்கும் கொஞ்சம் ஆறியிருக்கும். மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். அப்போது அவர்கள் செய்தது சரி என்று ஆகியிருக்கும், அவளுக்கு ராத்திரி தூக்கம் வந்திருக்கும். இரண்டையும் யோசித்துப் பார்த்தேன். எது நிஜம் என்று எனக்கே தெரியவில்லை.

என் குணம் எனக்குத் தெரியும். கேட்டிருந்தால் அன்றைக்கே கத்தியிருப்பேன். மூன்று பேரையும் நிற்க வைத்து வாய்க்கு வந்ததைப் பேசியிருப்பேன். சாப்பிடாமல் படுத்திருப்பேன். மரத்தைச் சொல்லி அழுதிருப்பேன். இரண்டு நாளோ, நான்கு நாளோ. அதற்குள் எப்போதாவது ரோட்டின் அந்தப் பக்கத்திலிருந்து, படிக்கு ஒன்றாக, அவள் பெருமூச்சு கேட்டிருக்கும். அதற்குப் பிறகு நான் என்ன செய்திருப்பேன் என்பதைத்தான் தெரிந்துகொள்ள முடியாமல் போய்விட்டது.

"தெரியலக்கா" என்றேன். "நீங்க கேக்கவே இல்லையே."

அவள் கையைப் பிடித்து அந்த ஒரு படியிலிருந்து இறக்கிவிட்டு, நான் கடைக்குப் போனேன்.